மொகாடா மலையில் ஒரு குடம் நீர்

கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை ஓய்ந்தபின், 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி, மகாராஷ்டிரக் கிராமப் பள்ளிகள் ஐந்தாம் வகுப்பு முதலாக மீண்டும் திறக்கப்பட்டன. மூன்று நாள் கழித்து நவராத்திரி தொடங்கிற்று. அவ்வாண்டும் நம்மவரில் கொலுவுக்கு வீடு வீடாகச் சென்றவர் மிகச் சிலரே. பொம்மைகளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பி, பாட்டையும் அதிலேயே பாடி, சுண்டலை மட்டும் அவரவர் வீட்டில் அவரவரே உண்டு முடித்தோம். தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்க ஆண்டுதோறும் வாங்கும் கிண்ணமும் சிமிழும் இம்முறை எவருக்கு என்ற பேச்சு வந்தபோது, நம் சங்க மாதர் பகுதியைச் சேர்ந்த சகோதரி ஒருவர், "அந்தப் பணத்துக்குச் சவுக்காரம் வாங்கிக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினால் என்ன?" என்றார். இக்கட்டுரையில் சொல்லப்போகும் பயணங்கள் இரண்டுக்கும் அந்த ஒரு வார்த்தையே வித்து.

பள்ளிகளைத் தேடி நெடுந்தூரம் அலைய வேண்டியிருக்கவில்லை. நம் உறுப்பினர் ஒருவருடன் வங்கியில் வேலை பார்க்கும் மராட்டிய நண்பருக்குச் சொந்த ஊர், பால்கர் மாவட்டத்து மொகாடா வட்டம். வார்லி, கோக்ணா, காத்கரி முதலான பழங்குடி மக்கள் மிகுந்து வாழும் மலைப்பகுதி அது. அங்குள்ள ஜில்லா பரிஷத் பள்ளிகளுள் ஏழின் பெயரை அவர் எழுதிக் கொடுத்தார். ஏழிலும் சேர்ந்து 316 குழந்தைகள். பிள்ளை ஒன்றுக்கு ஆறு சவுக்காரக் கட்டி, இரண்டு துணி முகக்கவசம், ஒரு துவாலை. பள்ளிக்கு வாளி, குவளை, பினாயில், நகவெட்டி. இவ்வாறு ஒரு பட்டியல் தயாராயிற்று.

பட்டியலை நிறைவேற்றக் கூடிய கூட்டத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். தாராவியில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தும் திருநெல்வேலிப் பேச்சை விடாத ஆச்சி ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்து, "ஏ ஐயா, சவுக்காரம் குடுக்கிய, நல்ல காரியந்தான். தண்ணிக்கு அந்தப் புள்ளைய எங்க போவும்?" என்று கேட்டார். "ஆச்சி, அது மழை கொட்டுகிற மலை. அங்கே தண்ணீருக்கு என்ன குறை?" என்று செயலாளர் பதில் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினோம். ஆச்சி உட்கார்ந்துவிட்டார். கேள்வியும் அவரோடு உட்கார்ந்துவிட்டது.

பணம் விரைவாகவே வந்தது. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் தொற்று கண்டபோது, ஓர் அறையில் ஒன்பது பத்துப் பேர் உறங்கும் இடத்தில் விலகியிருப்பது எப்படி, தெருவே பயன்படுத்தும் பொதுக் கழிப்பிடத்தில் எதையும் தொடாமலிருப்பது எப்படி என்று நாடே கவலைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்நாளில் யார் யாரோ அரிசியும் சவுக்காரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்ட வீடுகளிலிருந்தே நம் நிதிக்கு முதல் ரூபாய்கள் வந்தன. முகக்கவசங்களைத் தாராவித் தையற்கூடங்களில் வேலையிழந்திருந்த நம் பெண்களே கூலிக்குத் தைத்தார்கள். தீபாவளிக்குள் 1,46,000 ரூபாய் சேர்ந்தது. அச்சம் பெரிதாயிருந்த காலம், கையும் தாராளமாயிருந்தது.

நவம்பர் 27ஆம் தேதி சனிக்கிழமை, விடியுமுன் மாட்டுங்காவிலிருந்து ஒரு வேனில் எட்டுப் பேர் புறப்பட்டோம். பின்னால் ஒரு சிறு லாரியில் மூட்டைகள். தாணாவைத் தாண்டிக் கோட்பந்தர் சாலை வழியே அகமதாபாத் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். மனோரை நெருங்கும் இடத்தில் வைதரணா ஆற்றுப் பாலம் வந்தது. பெயரைக் கேட்டதும் எங்களில் மூத்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வைதரணி என்றால் நம்மவருக்கு யமலோகத்து ஆறுதானே நினைவுக்கு வரும்! அதைக் கடக்கக் கோதானம் செய்ய வேண்டும் என்று கருட புராணம் படித்தவர்கள் சொல்லுவார்கள். நாங்கள் செலவில்லாமல் கடந்தோம். இந்த வைதரணா பிறப்பது நாசிக்கை அடுத்த திரியம்பக மலைத்தொடரில். அதே மலைப்பகுதியில் பிறக்கும் கோதாவரி கிழக்கே திரும்பி ஆந்திரக் கடல் வரை நடக்கிறாள். வைதரணா மேற்கே இறங்கி அரபிக்கடலைத் தேடி விரைகிறாள். மும்பைவாசிகளுக்கு இவ்வாற்றிடம் இன்னொரு தொடர்பும் உண்டு. அதை உரிய இடத்தில் சொல்வோம்.

மனோரில் நெடுஞ்சாலையை விட்டு விலகினால் காட்சியே மாறிவிடுகிறது. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோற்போர்கள். தேக்கும் இலுப்பையும் கலந்த காடு. மண்ணும் மூங்கிற் பிளாச்சும் கொண்டு எழுப்பிய வீடுகள். விக்ரம்கட்டைக் கடந்து ஜவ்ஹார் ஏறுகையில் குளிர்காற்று முகத்தில் அடித்தது. முக்னே மரபினர் ஆண்ட சமஸ்தானத்தின் தலைநகர் இவ்வூர். 1948இல் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. ஜெய் விலாஸ் அரண்மனை இன்றும் நிற்கிறது. 1664இல் சூரத்துக்குச் செல்லும் வழியில் சிவாஜி மகாராஜா இம்மலையில் தங்கினார் என்று ஊரார் பெருமையோடு சொல்லி, சிர்பாமாள் என்னும் இடத்தைக் காட்டுகிறார்கள். ஆனால் எங்கள் பத்திரிகை நினைவில் ஜவ்ஹாருக்கு வேறொரு பெயரும் இருந்தது. 1992ஆம் ஆண்டில் இவ்வட்டத்தைச் சேர்ந்த வாவர்-வாங்கணியில் குழந்தைகள் ஊட்டமின்றி மாண்ட செய்தி நாடெங்கும் பரவிற்று. இப்பகுதி அப்போது தாணா மாவட்டத்தில் இருந்தது. 2014 ஆகஸ்ட் முதல் பால்கர் மாவட்டம்.

ஜவ்ஹாரிலிருந்து கிழக்கே மொகாடா. அங்கிருந்து நாங்கள் சென்ற முதற்பள்ளி ஒரு மேட்டின் உச்சியில், எட்டு வகுப்புக்கும் சேர்ந்து நான்கு அறைகளோடு இருந்தது. (பள்ளியின் பெயரை எழுதவில்லை, குருஜி வேண்டாமென்றார். அங்கெல்லாம் ஆசிரியரைக் குருஜி என்றே அழைக்கிறார்கள்.) சுவர் முழுவதும் வார்லிச் சித்திரம். வட்டமும் முக்கோணமும் கொண்டு மனிதனை வரைந்து, அவனை ஆடவும் உழவும் வைத்துவிடும் கலை அது. அரிசி மாவைக் கரைத்துச் செம்மண் சுவரில் எழுதுவது பழைய முறையாகையால், நம் கோலத்துக்கு அதைப் பங்காளி என்றே சொல்லலாம். டஹாணு வட்டத்து ஜிவ்யா சோமா மாஷே என்னும் வார்லிக் கலைஞர் அதை உலகுக்குக் காட்டி 2011இல் பத்மஸ்ரீ பெற்றார், 2018இல் மறைந்தார். பள்ளிச் சுவரில் இருந்த சித்திரம் மாணவர் கைவேலை. ஆடுவோர் வரிசையில் கடைசி இருவருக்கு மட்டும் முகக்கவசம் வரைந்திருந்தான் ஒரு குறும்பன்.

முகமூடி இம்மக்களுக்குப் புதிதன்று. போஹாடா என்னும் திருவிழாவில் தேவர், அசுரர் வேடங்களின் பெரிய முகமூடிகளைத் தரித்து இரவெல்லாம் ஆடுவார்கள். "அதை அணிந்தால் சாமி, இதை அணிந்தால் நோயாளியா?" என்று ஒரு கிழவர் எங்கள் துணிக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டார். எங்கள் மராட்டியைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கும் பள்ளியின் மராட்டி வேறு, வீட்டு மொழி வேறு. இந்தச் சங்கடம் நம் பிள்ளைகளுக்குப் புதிதல்லவே.

எங்களோடு வந்த டாக்டர் ஒரு தட்டில் நீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவினார். வெறும் விரலை வைத்தபோது தூள் அசையவில்லை. சவுக்காரம் தடவிய விரலை வைத்ததும், மிளகு முழுவதும் விளிம்புக்கு ஓடிற்று. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். கொரோனாக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மெல்லிய உறை உண்டு. எண்ணெய்ப் பாத்திரத்தைச் சவுக்காரம் போக்குவது போல அந்த உறையையும் சிதைத்துவிடும். ஆகையால் இருபது வினாடி தேய்த்துக் கழுவ வேண்டும் என்று டாக்டர் விளக்கினார். குருஜி அதை அவர்கள் பேச்சில் திருப்பிச் சொன்னார். ஓடையில் இன்னும் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிப் பக்கத்தில் ஒரு கைப்பம்பும் வேலை செய்தது. பிள்ளைகள் வரிசையாய்க் கை கழுவுவதைப் படமெடுத்தோம். 2021 டிசம்பர் முதல் தேதி ஒன்று முதல் நான்காம் வகுப்பும் திறக்கவிருந்தன. அதற்குள் ஏழு பள்ளிகளுக்கும் பொருள் சேர்ந்துவிட்டது. திரும்பும்போது வேனில் நாங்கள் அடைந்த திருப்தி கொஞ்சநஞ்சமன்று. இவ்விதழில் வெளியான அறிக்கையிலும் அந்தத் திருப்தி வழிந்ததை வாசகர் கவனித்திருப்பார்கள்.

2022 ஜனவரியில் மூன்றாம் அலைக்காகப் பள்ளிகள் சில வாரம் மூடி, 24ஆம் தேதி மீண்டும் திறக்கத் தொடங்கின. கையிருப்பில் இருந்த பணத்தில் இரண்டாம் தவணைச் சவுக்காரம் வாங்கிக்கொண்டு ஏப்ரல் 9ஆம் தேதி சென்றோம். ஒரு வாரம் முன்னர்தான், ஏப்ரல் 2ஆம் தேதி குடீ பாட்வா அன்று, மாநில அரசு கொரோனாக் கட்டுப்பாடுகளை நீக்கியிருந்தது. முகக்கவசம் இனி அவரவர் விருப்பம்.

அதே சாலை, ஆனால் அதே மலையென்று அடையாளம் காண முடியவில்லை. புல் கருகி, மண் வெடித்து, ஓடை இருந்த இடத்தில் உருளைக்கற்கள் மட்டும் வெயிலில் காய்ந்தன. நவம்பரில் எங்களைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகளிற் பலரைக் காணோம். தீபாவளிக்குப் பின் பிவண்டி, வசை முதலிய இடங்களின் செங்கற் சூளைகளுக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். மழைக்குத்தான் திரும்புவார்கள் என்றார் குருஜி. சூளைக்குப் போகாமல் எஞ்சியவர் அப்பள்ளியில் 48 பேர்.

நாங்கள் கொண்டுபோன மூட்டைகளை இறக்க அலமாரியைத் திறக்கச் சொன்னோம். குருஜி தயங்கினார். பிறகு திறந்தார். முதல் தவணையில் கொடுத்த சவுக்காரத்தில் பாதிக்கு மேல், தாள் உறை பிரியாமல், அடுக்கியபடியே இருந்தது. வெளியிலிருந்து ஒரு நிறுவனம் நம் மூலமாக அனுப்பிய சானிடைசர் கலங்களும் மூலையில் இருந்தன. விறகடுப்பு எரியும் சமையலறைக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும் சரக்கை வைக்க அவருக்குத் துணிவு வரவில்லை. அவர் செய்தது சரியே. ஆனால் சவுக்காரம்?

அவர் பதில் சொல்லாமல் எங்களைப் பள்ளியின் பின்புறம் அழைத்துப் போனார். கைப்பம்பை அடித்துக் காட்டினார். இரும்பு முனகிற்று, நீர் வரவில்லை. கூடத்தின் ஓரத்தில் பளபளவென்று மூன்று புதுக் குழாய்கள் இருந்தன. குழாய் பதித்தவர் யார் என்று ஆராய்வது எம் நோக்கமன்று; குழாய் இருந்தது, அதற்குப் பின்னால் நீர் இல்லை. மேட்டின் விளிம்பில் நின்று கீழே காட்டினார். பள்ளத்தில் ஒரு கிணறு. அதைச் சுற்றி எறும்பு போல் பெண்கள். பாறைக்கசிவு ஊறும் வரை காத்திருந்து, ஒருத்தி கிணற்றுக்குள் இறங்கிக் குவளையால் மொண்டு தர, மற்றவர்கள் குடத்தை நிறைத்துத் தலையில் இரண்டாக அடுக்கி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நடைக்கு ஒரு மணி நேரம் என்றார்.

இவ்வட்டாரத்தில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் நிலத்தடியில் இருப்பது பண்டை எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. அது நீரை அதிகம் உறிஞ்சாது. சரிவோ செங்குத்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழை பெரும்பாலும் ஓடைகளில் விழுந்து பள்ளத்தாக்குக்குப் போய்விடுகிறது. பிப்ரவரி பிறந்தால் கிணறுகள் வற்றத் தொடங்கும். செயலாளர் சொன்னது பொய்யன்று: மழை கொட்டுகிற மலைதான். ஆச்சி கேட்டதுதான் கேள்வி.

வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 48 பிள்ளைகள். வந்ததும் ஒரு முறை, உண்ணுமுன் ஒரு முறை, கழிப்பிடம் சென்று வந்தபின் ஒரு முறை. குவளையால் ஊற்றிக் கழுவினால் ஒரு தடவைக்கு அரை லிட்டராவது வேண்டும். ஆகமொத்தம் நாளொன்றுக்கு 72 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தில் ஐந்து குடம். ஐந்து குடம் நீரை எந்தத் தாய் தலையில் சுமந்து வந்து பள்ளிக்கூடத்தில் ஊற்றுவாள்? சமையலுக்கே தினம் இரண்டு குடம் கேட்டு வாங்குவதற்குள் குருஜிக்கு வெட்கமாயிருக்கிறதாம். பிள்ளைகள் சோற்றுக்குமுன் ஒரு பாத்திரத்தில் விரலை நனைத்துக்கொண்டு, அதே பாத்திரத்தை அடுத்தவனுக்குத் தள்ளினார்கள். கிருமியைப் பகிர்ந்துகொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை என்றார் டாக்டர். கொரோனா போனாலும் வாந்திபேதி போகாது.

மாதர் பகுதிச் சகோதரிகள் இருவர் ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்களோடு தனியே ஓர் அறையில் பேசிவிட்டு வந்தார்கள். அவர்கள் முகம் வாடியிருந்தது. மாதவிலக்கு நாட்களில் துணியை அலசுவதற்கும் கழிப்பிடத்தில் ஊற்றுவதற்கும் நீரில்லாமையால், பிப்ரவரி முதல் அப்பெண்கள் மாதத்தில் நாலைந்து நாள் பள்ளிக்கே வருவதில்லை. பட்டியல் தயாரித்தபோது எங்களுள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. "நாம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், நாம் கேட்கவில்லை" என்றார் சகோதரி. "ஏன் எங்களுக்கு எழுதவில்லை?" என்று குருஜியிடம் நாங்கள் சற்றுக் கடுமையாகவே கேட்டோம். "அவ்வளவு தூரத்திலிருந்து ஆசையோடு கொண்டுவந்தீர்கள். தண்ணீர் இல்லை, சவுக்காரம் வேண்டாமென்று எப்படி எழுதுவது?" என்றார். அவர் சொன்ன மரியாதையில் எங்களுக்குத்தான் தலை குனிந்தது.

அன்று மாலைக்குள் செய்ய முடிந்தது ஒன்றே. உலகத்தின் வறண்ட நாடுகள் பலவற்றில் கையாளும் ஓர் எளிய சாதனம் உண்டு. ஐந்து லிட்டர் எண்ணெய் டப்பாவின் மேற்பகுதியில் ஆணியால் சிறு துளையிட்டு, இரு கவைக்கோல்களின் மேல் ஒரு குச்சியில் தொங்கவிட வேண்டும். டப்பாவின் கழுத்திலிருந்து ஒரு கயிறு, அதன் நுனியில் தரையில் ஒரு மிதிகோல். காலால் மிதித்தால் டப்பா சாய்ந்து நூலாக நீர் விழும். கையால் எதையும் தொட வேண்டியதில்லை. சானிடைசர்க் கலம் ஒன்றைக் காலி செய்து நன்கு அலசி முதல் கருவியைச் செய்தோம். (அந்தக் கலத்துக்கும் ஒரு பயன் கிடைத்தது.) அளந்து பார்த்ததில் ஒரு தடவைக்கு நூறு மில்லிலிட்டர் போதுமாயிருந்தது. 72 லிட்டருக்குப் பதில் 14 லிட்டர். ஐந்து குடத்துக்குப் பதில் ஒரு குடம். சவுக்காரத்தை வெளியில் வைத்தால் காக்கை கொத்திக்கொண்டு போய்விடுமென்று ஒரு பையன் சொன்னான்; அவனே பழைய வெங்காயச் சாக்கின் வலைத்துணியைக் கிழித்து, கட்டியை அதில் முடிந்து கொம்பில் கட்டினான். கழுவின நீர் வீணாகாமல் ஒரு பப்பாளிக் கன்றுக்கு வாய்க்கால் வெட்டினார் குருஜி. அந்த ஒரு குடத்தையும் சுமந்து வருவது யார் என்பதற்கு மட்டும் அன்று விடை கிடைக்கவில்லை.

திரும்புகையில் வழியை மாற்றிக் கோடாளா மார்க்கமாகக் கசாராவுக்கு இறங்கினோம். சாலை ஓரிடத்தில் உயர்ந்த பாலத்தின்மேல் செல்கிறது. வண்டியை நிறுத்தச் சொன்னோம். கீழே, காய்ந்த மலைகளின் நடுவே, நீலமாய் ஒரு பெரிய நீர்ப்பரப்பு. நடு வைதரணா அணையின் தேக்கம் அது. மொகாடா வட்டத்துக் கோச்சாளே என்னும் ஊரருகே 102 மீட்டர் உயரத்தில் மும்பை மாநகராட்சி கட்டிய அணை; 2014இல் முடிந்தது. நாளொன்றுக்கு 45.5 கோடி லிட்டர் மும்பைக்கு வழங்கவென்று திட்டமிட்டது. இதற்குக் கீழே மோடக் சாகர் 1957 முதல் இதே ஆற்றின் நீரைத் தேக்குகிறது. இன்னும் தெற்கே தான்சா ஏரி 1892 முதல் நகரத்துக்கு நீர் தருகிறது. காலையில் மாட்டுங்காவில் நாம் காபிக்குப் பிடிக்கும் நீரில் இந்த மலையின் மழை கலந்திருக்கிறது. நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளொன்றுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவது மரபு. நாங்கள் பார்த்துவிட்டு வந்த பள்ளி முழுவதற்கும் கேட்டது பதினைந்து லிட்டர்.

"அவர்கள் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோமா?" என்று வேனில் இருந்த கல்லூரி மாணவி கேட்டாள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஏரி பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது, ஊர்களோ மேட்டில். நீர் மும்பையை நோக்கிச் சரிவில் இறங்குவது இயல்பு. மலைமேல் ஏற வேண்டுமானால் பம்பும் மின்சாரமும் குழாயும், அவற்றைப் பராமரிக்கப் பணமும் வேண்டும். பணமுள்ள ஒன்றரைக் கோடிப் பேர் கீழே இருக்கிறார்கள். இல்லாத சில ஆயிரம் பேர் மேலே. இதற்குமேல் எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. பாலத்தின் மேல் நின்று எவரும் படமெடுக்கவில்லை என்பதை மட்டும் குறிப்பிடலாம். கசாராவிலிருந்து நாசிக் நெடுஞ்சாலையில் வீடு திரும்பினோம். பிவண்டிக்கு அருகில், இருளில், ஆள் உயரக் குழாய்கள் எங்களோடு கூடவே வந்தன.

மறுவாரம் கூடிய செயற்குழுவில் வாக்குவாதம் நடந்தது. சவுக்காரத்துக்கென்று வாங்கிய பணத்தை வேறொன்றுக்குச் செலவிடுவது முறையா என்று பொருளாளர் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் எழுதிச் சம்மதம் பெற்றோம். பின்னர், மழைநீரைப் பிடித்து வைப்பதுதான் வழி என்று முடிவாயிற்று. கணக்கு வியப்பானது. ஒரு சதுர மீட்டர்க் கூரையில் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர். அதாவது, ஐயாயிரம் லிட்டர்க் கறுப்புத் தொட்டி ஒன்றை நிரப்பக் கூரையில் ஒரு கட்டில் அளவு இடம் போதும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பள்ளி நடக்கும் எழுபது நாளுக்குக் கை கழுவ ஆயிரத்துச் சொச்சம் லிட்டர். மீதம் பெண்கள் கழிப்பிடத்துக்கு. தொட்டி, கல்மேடை, தகரத் தூம்பு, குழாய், வண்டிக்கூலி எல்லாம் சேர்ந்து பள்ளி ஒன்றுக்கு 33,000 ரூபாய். கையில் இருந்தது ஒரு பள்ளிக்குரிய தொகை. 2022 ஜூனில் மழை பிடிக்குமுன் அந்த மேட்டுப் பள்ளியில் தொட்டி நின்றது. கூரைத் தூசு போக முதல் இரண்டு மழையின் நீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு மூடியை இறுக மூட வேண்டும் என்று எழுதி ஒட்டினோம்.

மற்ற ஆறுக்கும் வேண்டுகோள் விடுத்தோம். இங்கே வாசகர் எம்மைப் பொறுத்தருள வேண்டும், உள்ளதைச் சொல்லுகிறோம். 2021இல் மூன்று வாரத்தில் ஒன்றரை லட்சத்தை நெருங்கிய நாம், 2022 ஜூன் முதல் 2023 ஏப்ரல் வரை பதினொரு மாதத்தில் சேர்த்தது 66,000 ரூபாய். "கொரோனாதான் போய்விட்டதே, இன்னும் என்ன?" என்று நல்லவர்களே கேட்டார்கள். முன்பு ஆயிரம் ரூபாய் தந்த ஒரு வீட்டில் எங்களுக்கு அருமையான காபி கிடைத்தது, அவ்வளவே. அவர்களைக் குறை கூறவில்லை. நாங்களும் அந்த அலமாரியைத் திறந்து பார்த்திராவிட்டால் அப்படியே கேட்டிருப்போம்.

2023 மார்ச் மாதக் கடைசியில் குருஜியிடமிருந்து ஒரு படம் வந்தது. தொட்டிக்குள் மூங்கிற் குச்சியை விட்டு நனைந்த உயரத்தைச் சுண்ணாம்பால் குறித்து, ஒரு சிறுமி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாதிக்கு மேல் நீர் இருந்தது. பப்பாளி காய்த்துவிட்டதாம். எட்டாம் வகுப்புப் பெண்களின் வருகைப் பதிவேட்டையும் அனுப்பியிருந்தார், நாங்கள் கேட்காமலே. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரிசை வரிசையாய் வந்தவர் குறியே.

அவ்வாண்டு மழைக்குமுன் மேலும் இரு பள்ளிகளில் தொட்டி வைத்தோம். மே மாதத்துக் கூட்டத்தில் படங்களைத் திரையில் காட்டி, மூன்று பள்ளிகளின் கணக்கையும் பொருளாளர் படித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஆச்சி எழுந்தார். இம்முறை செயலாளரே ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு அவர் இடத்துக்குப் போனார். ஆச்சி மடிப்பையிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"மிச்சம் நாலு பள்ளிக்கூடத்துக்கு எப்பய்யா?"